பத்தாங் பெர்ஜுந்தாயிலிருந்து கோல சிலாங்கூர் வரை ஒரு பாதை

2 மார்ச் 2024, சனி. மலேசியாவின் ஷா ஆலாமிலிருந்து ஒரு வாசகர் கேட்டது

ஞாயிற்றுக்கிழமைகளில் நண்பர்களோடு சைக்கிளில் ஈஜோக், பெஸ்தாரி ஜெயா பக்கம் வருகிறோம். லோரிகளுக்கு நடுவில் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு ஓட்ட வேண்டியிருக்கிறது. பக்கத்திலேயே சிலாங்கூர் ஆறு ஓடுகிறது. அதன் கரையோரமாகக் கோல சிலாங்கூர் வரை ஒரு பாதை போட்டால் நடக்கிறவர்களுக்கும் சைக்கிள்காரர்களுக்கும் எவ்வளவு நன்றாக இருக்கும்! ஆற்றங்கரை அரசாங்க நிலம்தானே, யாரையும் கேட்க வேண்டியதில்லை. உள்ளூர்க்காரர்கள் ஏன் இதைப் பற்றிப் பேசுவதே இல்லை?

3 மார்ச், ஞாயிறு

பேசியிருக்கிறோம் தம்பி. சாப்பாட்டுக் கடையில் தே தாரிக் குடித்துக்கொண்டு பேசினோம், எழுத்தில் கொடுக்கவில்லை. இப்போது நீங்கள் கேட்டுவிட்டதால் எழுதுகிறேன்.

நான் இந்த ஊர்க்காரன். 2007-ல் ஊருக்குப் பெஸ்தாரி ஜெயா என்று பெயர் வைத்தார்கள். எங்கள் வீட்டில் இன்னும் பத்தாங் பெர்ஜுந்தாய்தான். அப்பா பால்மரம், அதாவது ரப்பர் மரம், சீவினார், அம்மாவுக்குக் களைக்கு மருந்தடிக்கிற வேலை. நான் ஐந்து வயதிலிருந்து இந்தக் காட்டுப் பாதைகளில் நடந்தவன், இப்போது ஐம்பத்தாறு. ஆகையால் பாதை எப்படிப் போகலாம் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன்.

டவுனுக்கு வெளியே பழைய ஈயக் குளங்களில் தொடங்கலாம். வெள்ளீயம் தோண்டிவிட்டுப் போன பள்ளங்கள் பெரிதும் சிறிதுமாக நூற்றுக்கணக்கில் கிடக்கின்றன, காலையில் கொக்கும் நாரையும் நிற்கும். அங்கிருந்து தோட்டங்களுக்குள் நுழையலாம். தென்னமரம் தோட்டம் நம் பக்கம்தான் இருக்கிறது. மலேசியாவில் செம்பனையை, அதாவது எண்ணெய்ப் பனையை, வியாபாரத்துக்காக முதலில் நட்டது அங்கேதான், 1917-ல், ஹென்றி ஃபோக்கோனியே என்ற பிரெஞ்சுக்காரர். நாடு முழுக்கப் பரவிய பயிர் ஒரு தமிழ்ப் பெயர் கொண்ட தோட்டத்தில் தொடங்கியிருக்கிறது, அதை எடுத்துச் சொல்ல சாலையோரத்தில் தமிழில் ஒரு பலகை இருந்து நான் பார்த்ததில்லை. பாதை வந்தால் முதல் பலகை அங்கே வேண்டும். அப்புறம் ஆற்றோரமாக இறங்கி, மின்மினிக்குப் பெயர்போன கம்போங் குவாந்தான். கடைசியில் கோல சிலாங்கூர், புக்கிட் மெலாவத்தி. 1784-ல் டச்சுக்காரர்கள் பிடித்த கோட்டை, 1907-ல் கட்டிய கலங்கரை விளக்கம், மடியில் குட்டியோடு உட்கார்ந்திருக்கும் வெள்ளி மந்திகள். முடிகிற இடம் இதைவிட அழகாக அமையாது.

நிலம் பற்றி நீங்கள் சொன்னது சரி. ஆறு 40 மீட்டருக்கு மேல் அகலமாக இருந்தால் இரண்டு கரையிலும் 50 மீட்டர் விட்டு வைக்க வேண்டும் என்பது வடிகால் நீர்ப்பாசன இலாகாவின் வழிகாட்டி. 50 மீட்டரில் நமக்கு மூன்று மீட்டர் போதும். வழி நெடுக விளக்குக் கம்பம் போட்டால் வேலை முடிந்து வருகிறவர்களும் ராத்திரியில் நடக்கலாம்.

4 மார்ச், திங்கள்

விளக்கு பற்றி நேற்று எழுதியதைத் திரும்பப் பெறுகிறேன்.

கம்போங் குவாந்தானில் சம்பான் படகு வலிக்கிற மலாய்க்கார நண்பர் ஒருவர் இருக்கிறார், என்னோடு இடைநிலைப்பள்ளியில் படித்தவர். நேற்று இரவு போனில் உற்சாகமாகத் திட்டத்தைச் சொன்னேன். விளக்கு என்றதும் பேச்சை நிறுத்திவிட்டார். அப்புறம் பொறுமையாகச் சொன்னார். ஆற்றோரத்துப் பெரெம்பாங் மரத்தில் ஆண் மின்மினிப் பூச்சிகள் ஒன்று சேர்ந்து ஒரே தாளத்தில் மின்னுவது பெண் பூச்சியைக் கூப்பிடத்தான். பக்கத்தில் வேறு வெளிச்சம் இருந்தால் அந்தக் கூப்பாடு போய்ச் சேராது. அவர்கள் மோட்டார் வைக்காமல் துடுப்பு போடுவதும், படகில் டார்ச் அடிக்க விடாததும் அதனால்தான்.

இன்னொன்றும் சொன்னார், அது எனக்குப் புதிது. மரத்தில் மின்னுவதை மட்டும் பார்த்துவிட்டுப் போகிறோம். அந்தப் பூச்சி புழுவாக இருக்கும் காலம் முழுக்கக் கரையோர ஈரமண்ணில் கிடக்கிறது. அங்குள்ள சின்ன நத்தைகளைத் தின்றுதான் வளர்கிறது. கரையை வெட்டி, சமப்படுத்தி, கல் கொட்டினால் நத்தை போய்விடும், பின்னாலேயே மின்மினியும் போய்விடும். மரத்தை வெட்டாமலேயே மின்மினியைக் கொல்லலாம்.

ஆகவே இரண்டு திருத்தம். விளக்கு வேண்டாம், பாதை சூரியன் மறைவதற்குள் மூடிவிட வேண்டும். கம்போங் குவாந்தானுக்கு மேலேயும் கீழேயும் பாதை ஆற்றங்கரையைத் தொடவே கூடாது, உள்ளே தள்ளிப் போக வேண்டும். ஆற்றோரப் பாதை என்று தொடங்கிய திட்டம் இரண்டாம் நாளே ஆற்றை விட்டு விலகிவிட்டது. வருத்தம்தான், ஆனால் இதுதான் சரி.

9 மார்ச், சனி

காலையில் மோட்டாரை எடுத்துக்கொண்டு நேரிலேயே பார்த்து வரப் போனேன். மூன்று இடத்தில் ஆற்றுக்கு இறங்கப் பார்த்து, ஒரு இடத்தில்தான் முடிந்தது.

முதல் இடத்தில் இரும்புக் கேட், பூட்டு. இரண்டாவது இடத்தில் காவலர் கூண்டு. அந்தப் பையன் நேப்பாளத்துக்காரன், இருபத்திரண்டு வயதுகூட இருக்காது. மரியாதையாகத்தான் பேசினான். "உள்ளே போக ஆபீஸ் கடிதம் வேண்டும் அங்கிள்" என்றான். முப்பது வருஷத்துக்கு முன்பு நான் அந்த வழியில்தான் தினம் போய் வந்தேன் என்று சொன்னேன். அவனால் என்ன செய்ய முடியும்? செம்பனைக் குலைத் திருட்டு நடக்கிறது, ஒரு டன் குறைந்தால் அவன் வேலை போகும். தோட்டத்தின் பெயரை எழுத மாட்டேன், எந்தத் தோட்டத்துக்குப் போனாலும் இதே கதைதான்.

மூன்றாவது இடத்தில் இறங்கினேன். கரை வரைக்கும் செம்பனை நிற்கிறது. கடைசி வரிசையின் வேர் தண்ணீரைத் தொடுகிறது. 50 மீட்டர் எங்கே என்று தேடினேன், ஐந்து மீட்டர்கூட இல்லை.

அங்கே நின்றுகொண்டு யோசித்தேன். 3-ஆம் தேதி நான் எழுதியது பாதிதான் உண்மை. 50 மீட்டர் என்பது வழிகாட்டி. புதிதாக நிலம் கொடுக்கும்போதும், வீடமைப்புத் திட்டம் வரும்போதும் அதைக் கேட்பார்கள். வெள்ளைக்காரன் காலத்தில் கொடுத்த பட்டாவில் எல்லைக்கல் ஆற்றோரத்திலேயே நட்டிருந்தால், அந்த நிலம் தோட்டத்துடையது. வழிகாட்டி வந்தது பிறகு. ஆற்றங்கரை எல்லாம் அரசாங்க நிலம், யாரையும் கேட்க வேண்டாம் என்று நீங்கள் சொன்னீர்கள், நானும் தலையாட்டினேன். இரண்டு பேரும் தப்பு. ஒவ்வொரு துண்டு நிலத்துக்கும் பட்டா எடுத்துப் பார்க்க வேண்டும்.

10 மார்ச், ஞாயிறு

சிங்கப்பூரிலிருந்து ஒருவர் எழுதியிருக்கிறார். ரயில் ஓடிய நிலத்தில் அங்கே 24 கிலோமீட்டருக்குப் பசுமைப் பாதை வந்துவிட்டதே, இங்கே மட்டும் ஏன் முடியாது என்று.

அது வேறு கணக்கு. தஞ்சோங் பகார் ஸ்டேஷனிலிருந்து கடைசி ரயில் 2011 ஜூன் 30-ஆம் தேதி கிளம்பியது, மறுநாள் ஜூலை 1-ல் நிலம் சிங்கப்பூர் கைக்குப் போனது. ஒரே நீளமான துண்டு, ஒரே சொந்தக்காரர், நடுவில் யாரிடமும் சாவி கேட்க வேண்டியதில்லை. நமக்கோ தோட்டம், மலாய்க் கிராமமான கம்போங், நகராண்மைக் கழகம், இலாகாக்கள், தண்ணீர்க் குழாய் போகும் நிலம் என்று பத்து சொந்தக்காரர்கள். இந்தப் பத்து பேரையும் ஒரே மேசையில் உட்கார வைப்பதுதான் பெரிய வேலை, தார் ஊற்றுவது சின்ன வேலை.

17 மார்ச், ஞாயிறு

இன்று கொஞ்சம் விலகிப் போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

போன வாரம் கேட்டில் நின்றதிலிருந்து அந்த வழி மனதை விட்டுப் போகவில்லை. தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளான எங்கள் லயத்திலிருந்து தமிழ்ப்பள்ளிக்கு ரெண்டு கிலோமீட்டர் இருக்கும். முதலில் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆயாக்கொட்டகை, அடுத்து ரப்பர் பாலை நிறுக்கிற பால் ஸ்டோர். பால் ஸ்டோர் பக்கம் வந்தால் கித்தாப் பால் நாற்றம் மூக்கில் ஏறும், எங்களுக்கு அது நாற்றமாகவே தெரியாது. அப்புறம் ஆறாம் நம்பர் மலை. அங்கே மேட்டில் முனியாண்டி கோயில், வேல் நட்டு, சின்ன ஓட்டுக் கூரை. கோயிலைத் தாண்டும்போது செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு நடப்போம். அப்புறம் பெரிய பாரெட், அதாவது வாய்க்கால், அதன் மேல் ரெண்டு தென்னங்கட்டைப் பாலம். மழை பெய்தால் அக்கா என்னை இடுப்பில் தூக்கிக்கொண்டு தாண்டுவாள், அவளுக்கே அப்போது பத்து வயது. பாலம் தாண்டி இடது பக்கம் சுடுகாடு, வலது பக்கம் பள்ளி.

இந்த வழி எந்த வரைபடத்திலும் இல்லை. ஆனால் எல்லாருக்கும் தெரியும். ஒரு லயத்துக்கும் இன்னொரு லயத்துக்கும், ஒரு தோட்டத்துக் கோயிலிலிருந்து பக்கத்துத் தோட்டத்துக் கோயிலுக்கும் இப்படி ஒற்றையடிப் பாதைகள் இருந்தன. திருவிழாவுக்கு ஜனங்கள் கோல சிலாங்கூர் பக்கத்திலிருந்துகூட பஸ் பிடிக்காமல் நடந்து வந்திருக்கிறார்கள் என்று அம்மா சொல்வார்.

எண்பதுகளில் பால்மரத்தை வெட்டிச் செம்பனை போட்டார்கள். வேலைக்கு ஆள் குறைந்தது, வெளிநாட்டுக்காரர்கள் வந்தார்கள். தொண்ணூறுகளில் எங்கள் லயம் காலியானது, நாங்கள் டவுன் தாமானுக்கு வந்துவிட்டோம். பள்ளியையும் வேறு இடத்துக்கு மாற்றிவிட்டார்கள். கோயிலும் சுடுகாடும் மட்டும் உள்ளே இருக்கின்றன. அப்பாவை அங்கேதான் புதைத்தோம். வருஷத்தில் ஒரு நாள் படையல் போடப் போக வேண்டுமானால் இரண்டு வாரம் முன்பே ஆபீசுக்குக் கடிதம் எழுதி, காவலர் கூண்டில் ஐசி, அதாவது அடையாள அட்டை, கொடுத்துவிட்டுப் போக வேண்டும். ஒரு வருஷம் கடிதம் எங்கோ மாட்டிக்கொண்டது. அம்மா கேட்டுக்கு வெளியிலேயே கற்பூரம் ஏற்றிவிட்டுத் திரும்பி வந்தார்.

தம்பி சைக்கிள் ஓட்ட ஒரு பாதை கேட்டார். நான் கேட்பது என்ன என்று இந்த இரண்டு வாரத்தில்தான் எனக்கே புரிந்தது. புதுப் பாதை வேண்டாம். மூடிப்போன எங்கள் பாதையைத் திறந்து கொடுங்கள், அதில் எல்லாரும் நடக்கட்டும்.

18 மார்ச், திங்கள்

உடற்பயிற்சிப் பாதைக்குள் கோயிலையும் சுடுகாட்டையும் ஏன் இழுக்கிறீர்கள் என்று ஒருவர் கேட்டிருக்கிறார். நியாயமான கேள்வி.

பாதை எங்கே போக வேண்டும் என்று முடிவு செய்ய, ஜனங்கள் ஏற்கனவே எங்கே நடந்தார்கள் என்று பார்ப்பதைவிட நல்ல வழி எனக்குத் தெரியாது. மேட்டில் கோயில் என்றால் அங்கே வெள்ளம் ஏறாது. கோயில் இருந்தால் ஆலமரமோ அரசமரமோ இருக்கும், நிழல் இருக்கும், பெரும்பாலும் தண்ணீர்க் குழாயும் இருக்கும். பாரெட்டை எங்கே தாண்டுவது சுலபம் என்று பழைய பாலம் சொல்லும். எங்கள் கிழவிகள் தலையில் விறகோடு நடந்து கண்டுபிடித்த வழி அது. பக்தி வேறு, இது வேறு.

மலாய்க் கம்போங்கிலும் இப்படித்தான். சூராவ் என்கிற சின்னத் தொழுகை இடம், பழைய படகுத்துறை, டுரியான் தோப்பு. சீனர்களின் மீன்பிடிக் கிராமத்திலும் உண்டு. எல்லாருடைய பழைய வழியையும் கேட்டு ஒரே தாளில் வரைய வேண்டும்.

31 மார்ச், ஞாயிறு

புக்கிட் கியாரா பற்றிச் சொல்லாமல் இந்தப் பேச்சு முழுமை ஆகாது.

கோலாலம்பூரில் வீடு வைத்திருக்கிற சைக்கிள்காரர்களுக்கு அந்தக் குன்று நன்றாகத் தெரியும். பழைய கித்தா மரங்களுக்கு நடுவில் வளைந்து வளைந்து போகும் மண்பாதைகள். அது ஒரு காலத்தில் ரப்பர் தோட்டம். தோட்டத்தை எடுத்துக்கொண்டபோது அங்கே வேலை செய்த குடும்பங்களை 1980களின் தொடக்கத்தில் பக்கத்துத் தாமான் துன் டாக்டர் இஸ்மாயிலில் நீளவீடுகளுக்கு மாற்றினார்கள். தற்காலிகம் என்றுதான் பேச்சு. நாற்பது வருஷம் தாண்டியும் அந்தக் கூரைக்குக் கீழே ஜனங்கள் இருந்தார்கள். நிரந்தர வீடு எங்கே, எப்படி என்று ஆட்சிக்கு ஆட்சி பேச்சு நடந்தது.

என் மகளோடு ஒரு முறை அங்கே நடந்திருக்கிறேன். மரத்தில் சீவிய வடு இன்னும் தெரிகிறது. விரலை வைத்துப் பார்த்தேன், சாய்வு அப்பா சீவுகிற சாய்வேதான். காடு அருமையாக இருந்தது, காற்று குளிர்ச்சி, ஓடுகிறவர்கள் எல்லாரும் சிரித்த முகத்தோடு வணக்கம் சொன்னார்கள். யார் மேலும் எனக்குக் கோபம் இல்லை. ஆனால் அந்த மரங்களை நட்டவர்களின் பேரப்பிள்ளைகள் ஒரு கிலோமீட்டர் தள்ளி ஒழுகுகிற கூரைக்குக் கீழே இருக்கும்போது எனக்கு நடக்கப் பிடிக்கவில்லை. பாதியில் இறங்கிவிட்டோம்.

நம் பக்கம் பாதை வரட்டும். ஆனால் தோட்டத்தில் இன்னும் லயத்தில் இருக்கிற குடும்பங்களின் வீட்டுப் பிரச்சினையை ஓரமாக வைத்துவிட்டுப் பாதைக்கு ரிப்பன் வெட்டினால், நான் அந்தக் கூட்டத்துக்கு வரமாட்டேன்.

14 ஏப்ரல், ஞாயிறு

எல்லாருக்கும் சித்திரை வாழ்த்து. நோன்புப் பெருநாள் லீவில் கம்போங் குவாந்தான் நண்பர் வீட்டுக்குப் போய் லெமாங் சாப்பிட்டுவிட்டு, அவர் மருமகனிடம் சட்டம் கேட்டு வந்தேன். மருமகன் நில விவகார வழக்கறிஞரிடம் வேலை செய்கிறார். அவர் சொன்னதைப் புத்தகத்திலும் பார்த்துக்கொண்டேன்.

தனியார் நிலத்துக்குள் வழி கேட்க இரண்டு வழி உண்டு. ஒன்று, நிலத்தை அரசாங்கம் கையகப்படுத்துவது, 1960-ஆம் ஆண்டுச் சட்டம். பணம் நிறைய ஆகும், பகையும் வரும். இன்னொன்று 1965-ஆம் ஆண்டின் தேசிய நிலச் சட்டத்தில் 387-லிருந்து 391 வரையான பிரிவுகளில் இருக்கிறது. மாவட்ட நில நிர்வாகி தனியார் நிலத்தின் மேல் நடக்கும் உரிமையை உண்டாக்கலாம். நிலம் சொந்தக்காரர் பெயரிலேயே இருக்கும், அவருக்கு நஷ்ட ஈடும் உண்டு. குறிப்பிட்ட ஆட்களுக்கு மட்டும் என்றும் கொடுக்கலாம், பொதுமக்கள் எல்லாருக்கும் என்றும் கொடுக்கலாம். இதைப் படித்தபோது எனக்குக் கொஞ்ச நேரம் பேச்சே வரவில்லை. அம்மா கேட்டுக்கு வெளியில் நின்ற வருஷம் இந்தச் சட்டம் புத்தகத்தில் இருந்தது. எங்களுக்குத்தான் தெரியவில்லை.

மூன்றாவது வழி இரண்டையும்விட சுலபம், தோட்ட நிர்வாகமே சம்மதித்து எழுத்தில் கொடுப்பது. ஆனால் மேனேஜர் மாறினால் சம்மதமும் மாறும். அதனால் முதலில் சம்மதம் வாங்கி ஜனங்கள் நடக்கட்டும், பாதை பிடித்துவிட்ட பிறகு நில அலுவலகத்தில் பதிவுக்குக் கேட்போம் என்பது என் யோசனை.

அப்புறம் உள்ளூர்த் திட்டம். 1976-ஆம் ஆண்டு நகர், கிராமத் திட்டமிடல் சட்டப்படி, மாவட்டத்தின் உள்ளூர்த் திட்டத்தை முடிவு செய்வதற்கு முன் பொதுமக்கள் பார்வைக்கு வைக்க வேண்டும், ஆட்சேபம் எழுதிக் கொடுக்கலாம். அந்த வரைபடத்தில் இந்தப் பாதை ஒரு கோடாகவாவது வந்துவிட வேண்டும். கோடு இருந்தால் நாளைக்கு யாராவது வீடமைப்புத் திட்டம் கொண்டு வரும்போது, இங்கே வழி விடு என்று கேட்க முடியும். அதற்கு நம் ஆட்கள் காட்சிக்கு வைக்கிற இடத்துக்குப் போக வேண்டும், பாரத்தை நிரப்ப வேண்டும். கல்யாணத்துக்குப் போகிற கூட்டத்தில் பத்தில் ஒரு பங்கு அங்கே வந்தால் போதும்.

14 ஏப்ரல், இரவு

மேனேஜர் பக்கத்து நியாயத்தையும் எழுத வேண்டும், காலையில் விட்டுவிட்டேன். தோட்டம் என்பது வேலை நடக்கிற இடம். குலை ஏற்றின டிராக்டர் வளைவில் வந்தால் சைக்கிள்காரரைப் பார்க்காது. குலை வெட்டுகிறவர் உயர மரத்தில் நீளக் கழியில் அரிவாள் கட்டி மேலே பார்த்துக்கொண்டு வெட்டுவார். மட்டை விழுந்தால் மண்டை உடையும். ஆட்களைக் கூட்டி வேலை பிரிக்கிற பெரட்டு முடிந்து, எந்த நம்பர் பகுதியில் அறுவடை என்று காலையில்தான் முடிவாகும்.

மருந்தடிப்பு இன்னொரு விஷயம். பாராகுவாட் என்ற களைக்கொல்லிக்கு 2020 ஜனவரி 1 முதல் நாட்டில் தடை, நல்லதாகப் போயிற்று. அம்மா அதைத்தான் பல வருஷம் முதுகில் சுமந்தார், நகங்கள் கறுத்துப் போயிருந்தன. இப்போது வேறு மருந்து, ஆனால் மருந்து மருந்துதான். அடிக்கிற நாளில் அந்தப் பக்கம் குழந்தைகளோடு யாரும் நடக்கக் கூடாது. ஆகவே எல்லா நாளும் திறப்பது தோட்டத்துக்குள் நடக்காது. ஞாயிறும் பொது விடுமுறையும் திறக்கலாம், மற்ற நாளில் வெளிப்பாதை.

5 மே, ஞாயிறு

நடந்து பார்த்துவிட்டோம்!

ஒரு தோட்ட நிர்வாகம் ஒரு நாளுக்கு மட்டும் அனுமதி கொடுத்தது. பதினான்கு பேர். ஷா ஆலாம் தம்பியும் இரண்டு நண்பர்களோடு வந்தார், சைக்கிளைத் தள்ளிக்கொண்டு எங்கள் கூடவே நடந்தார். என் அக்கா வந்தாள். எங்கள் பழைய லயத்துப் பாட்டி ஒருவர், எழுபத்தொன்பது வயது, முழங்கால் வலி, வேண்டாம் என்று மகன் சொன்னபோது, "நான் பால் வாளியோட நடந்த ரோடுடா, நீ வழி தெரியாம போயிடாத" என்று முன்னால் நடந்தார்.

காலை ஏழு மணிக்குக் கிளம்பி ஆறு கிலோமீட்டர் போனோம். எட்டரைக்கெல்லாம் வெயில் தாங்கவில்லை. பெரிய செம்பனைக்குக் கீழே நடந்தவரை சுகமாக இருந்தது. நடுவில் ஒரு மறுநடவுப் பகுதி வந்தது, இடுப்பு உயரக் கன்றுகள், ஒரு கிலோமீட்டருக்கு மேல் நிழலே கிடையாது. அங்கேதான் புரிந்தது. செம்பனையை இருபத்தைந்து வருஷத்துக்கு ஒரு முறை வெட்டி மறுபடி நடுவார்கள். இன்றைக்கு நிழல் இருக்கிற இடம் நாளைக்கு வெட்டவெளி. செம்பனை நிழலை நம்பிப் பாதை போடக் கூடாது. பாதைக்கென்று ஓரத்தில் சொந்த மரங்கள் நட வேண்டும், வேம்பு, புங்கை, நாவல், மாம்பழம் எதுவாக இருந்தாலும் சரி.

மாடுகள் பத்துப் பதினைந்து எதிரே வந்தன, நம் ஆள் ஒருவருடையதுதான். ஷா ஆலாம் நண்பர்கள் பயந்து பாரெட் பக்கம் ஒதுங்கினார்கள், பாட்டி நாக்கைத் தட்டி ஒரு சத்தம் கொடுத்தார், எல்லாம் ஒதுங்கி வழி விட்டன. எலிக்காகக் கம்பத்தில் கட்டியிருந்த ஆந்தைக் கூண்டைப் பிள்ளைகள் பார்த்தார்கள், உள்ளே வெள்ளை முகத்தோடு ஒன்று இருந்தது. பத்து நிமிஷம் அங்கிருந்து யாரையும் நகர்த்த முடியவில்லை.

பால் ஸ்டோரின் சிமென்ட் தரை மட்டும் மிச்சம். பாட்டி அதன் மேல் ஏறி நின்று, தராசு இங்கே, கிராணி மேசை இங்கே, உன் அப்பன் எப்பவும் கடைசியாத்தான் வருவான் என்று இடம் இடமாகக் காட்டினார். நான் வீடியோ எடுத்தேன், கை நடுங்கியதால் படம் சரியாக வரவில்லை.

கோயில் மேட்டில் உட்கார்ந்து நாசி லெமாக் பொட்டலம் பிரித்தோம். சுடுகாட்டுக்கு நானும் அக்காவும் மட்டும் போனோம். லாலான் புல் தலை உயரம். அப்பா இடத்தைக் கண்டுபிடிக்க அரை மணி ஆனது.

6 மே, திங்கள்

நேற்று அவசரத்தில் எழுதியதில் ஒரு பிழை. ஆறு கிலோமீட்டர் இல்லை, தம்பியின் சைக்கிள் கருவியில் 4.8 என்று காட்டியிருக்கிறது. வெயிலில் எனக்கு ஆறாகத் தெரிந்திருக்கிறது. அக்காவுக்குப் பத்தாம்.

கழிவறை பற்றியும் எழுதவில்லை. பெண்கள் ஐந்து பேர் வந்தார்கள். வழியில் ஒன்றுகூடக் கிடையாது. இரண்டு மணி நேரம் தண்ணீர் குடிக்காமல் நடந்தேன் என்று அக்கா இன்று காலைதான் சொன்னாள். பாதைத் திட்டம் போடுகிற மேசையில் பெண்கள் உட்கார வேண்டும் என்று இதற்கு மேல் விளக்க வேண்டியதில்லை.

12 மே, ஞாயிறு

எனக்கும் ஷா ஆலாம் தம்பிக்கும் இப்போது ஒரு கருத்து வேறுபாடு. அவருக்குத் தார் வேண்டும், நான்கு மீட்டர் அகலம் வேண்டும். எனக்குச் செம்மண்ணும் கல்பொடியும் போட்டு இறுக்கிய இரண்டரை மீட்டர் போதும்.

காரணம் சொல்கிறேன். நான்கு மீட்டர் தார் போட்டால் மறுநாளே மோட்டாரும் காரும் ஏறிவிடும், ராத்திரியில் ரேம்பிட் பையன்கள் பந்தயம் விடுவார்கள். நம் டவுன் பிள்ளைகளை எனக்குத் தெரியும். தாழ்வான இடத்தில் தண்ணீர் ஏறி இறங்கினால் தார் பெயர்ந்து போகும், அதைச் சரி செய்ய டெண்டர் வர ஒரு வருஷம் ஆகும். மண்பாதை பெயர்ந்தால் ஒரு லோரிச் செம்மண்ணும் நாலு ஆளும் போதும்.

ஆனால் அவர் சொன்னதில் ஒன்று என்னை யோசிக்க வைத்தது. அவருடைய அம்மா சக்கர நாற்காலியில் இருப்பவர். மண்பாதையில் மழைக்காலத்தில் அவரைத் தள்ளிக்கொண்டு போக முடியாது. எங்கள் பாட்டிக்கும் இன்னும் இரண்டு வருஷத்தில் அதே நிலைமை வரலாம். அதற்கு என்னிடம் பதில் இல்லை. டவுனிலிருந்து ஈயக் குளம் வரை முதல் ஒன்றரை கிலோமீட்டரும், கேட்டிலிருந்து கோயில், சுடுகாடு வரையும் சிமென்ட் போடலாம், மற்றது மண் என்று இப்போதைக்கு ஒத்துக்கொண்டோம்.

ஈயக் குளத்தைப் பற்றி ஒரு எச்சரிக்கை. பார்க்க அமைதியாக இருக்கும், கரையிலிருந்து இரண்டடி வைத்தால் ஆழம் தெரியாது. அடியில் மண் சரியும். எங்கள் காலத்தில் அங்கே குளிக்கப் போய்த் திரும்பி வராத பிள்ளைகள் உண்டு. அந்தப் பகுதியில் வேலி, நான்கு மொழியிலும் பலகை, மிதவை வளையம். இந்த மூன்றும் இல்லாமல் பாதையை அங்கே திறக்கவே கூடாது.

26 மே, ஞாயிறு

கடிதம் கொடுத்தாகிவிட்டது. மலாயில் எழுதினோம், என் மகள் திருத்திக் கொடுத்தாள், அறுபத்து மூன்று கையெழுத்து. தமிழர், மலாய்க்காரர், சீனர் எல்லாரும் போட்டிருக்கிறார்கள். கம்போங் குவாந்தான் நண்பர் மின்மினிப் பகுதிக்குத் தனியாக ஒரு பக்கம் எழுதிச் சேர்த்தார். பாட்டி நினைவிலிருந்து சொல்லச் சொல்ல நான் கையால் வரைந்த பழைய வழிகளின் படம் கடைசிப் பக்கம். கவுண்டரில் இருந்த பெண் அந்தப் படத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, தன் தாத்தாவும் தோட்டத்தில்தான் வேலை செய்தார் என்றார். நகலில் முத்திரை அடித்துக் கொடுத்தார்.

தோட்ட நிர்வாகத்திடமிருந்து தனியாக ஒரு பதில் வந்திருக்கிறது. மாதத்தின் முதல் ஞாயிறு, காலை ஆறரையிலிருந்து பத்தரை வரை பக்கவாட்டுக் கேட்டைத் திறக்கிறார்களாம். மூன்று மாதத்துக்கு மட்டும், பார்த்துவிட்டு முடிவு. கூண்டில் பெயர் எழுத வேண்டும், மோட்டார் கிடையாது, குப்பை போட்டால் அன்றோடு சரி. முழு 20 கிலோமீட்டருக்கு மேல் கேட்ட நமக்கு இப்போது கிடைத்திருப்பது 4.8. எனக்கு இது போதும் என்று சொல்ல மாட்டேன். ஆனால் செய்தியைச் சொன்னபோது அம்மா வேறெதுவும் கேட்கவில்லை, கற்பூரப் பாக்கெட் இருக்கிறதா என்று மட்டும் கேட்டார்.

முதல் நடை ஜூன் 2. ஆறேகாலுக்குக் கேட் முன்னால் வந்துவிடுங்கள். ஆளுக்கு ஒன்றரை லிட்டர் தண்ணீர், தொப்பி, முழுக்கால் சட்டை. புல் வெட்ட மெஷின் இருக்கிறவர்கள் கொண்டு வந்தால், சுடுகாட்டுப் பக்கம் லாலானை அன்றைக்கே இறக்கிவிடலாம்.